காத்தாடிக்குக் கயிறு பிடித்த லீவு

டிசம்பர் கடைசி வாரத்தில் எங்கள் மில் அலுவலகத்துக்கு வந்து பார்த்தால் நாற்காலிகள் மட்டும்தான் வேலை செய்துகொண்டிருக்கும். காரணம் பண்டிகை அல்ல. அந்த ஆண்டுக்கான சி.எல். முப்பத்தொன்றாம் தேதியோடு செத்துப்போகும். ஆண்டு முழுக்கக் காய்ச்சலோடு எழுந்து வந்து, கல்யாணங்களுக்கு அரை நாளில் போய்த் திரும்பி, கஞ்சத்தனமாகச் சேர்த்து வைத்த லீவையெல்லாம் எல்லோரும் ஒரே வாரத்தில் எடுப்போம். எடுத்து என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியாது. என் பக்கத்து மேஜைக்காரர் ஒரு வருடம் முழு லீவையும் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் நின்று பாசி சுரண்டியே கழித்தார். மறு வருடம் தொட்டி சுத்தமாக இருந்ததால் மிகவும் சிரமப்பட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம், நான் அந்த லீவைச் சிந்தனைக்குச் செலவிடுவது என்று முடிவு செய்தேன். பல் டாக்டர் வீட்டு வராந்தாவில் கிடந்த ஓர் ஆங்கில வார இதழ்தான் காரணம். ஆண்டுக் கடைசியில் கிடைக்கும் ஓய்வில் தன் தொழில் வளர்ச்சியைப் பற்றி யோசிக்கிறவனே முன்னுக்கு வருகிறான் என்று அதில் போட்டிருந்தது. அமைதியான இடத்தில் உட்கார்ந்து, தாளில் ஒரு கோடு கிழித்து, இப்போது நிற்கும் இடத்தில் ஒரு புள்ளியும் ஐந்து வருடத்தில் நிற்கப்போகும் இடத்தில் இன்னொரு புள்ளியும் வைக்க வேண்டுமாம். கடைவாய்ப் பல் வலியோடு படித்ததால் எனக்கு அது தெய்வ வாக்காகப் பட்டது.

யோசிக்க விஷயமும் இருந்தது. எங்கள் சீஃப் அக்கவுண்டன்ட் பொங்கலோடு ரிட்டயர் ஆகிறார். அவருக்குக் கீழே பன்னிரண்டு வருடமாக நான். அந்த இடம் எனக்கு வருமா, வெளியிலிருந்து ஒரு சி.ஏ.வைக் கொண்டுவந்து உட்கார வைப்பார்களா என்பதுதான் கேள்வி. நானும் சி.ஏ. படித்தவன்தான். படித்தவன் என்பதோடு நிறுத்திக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

முதலாளியிடம் கேட்டால் தெரிந்துவிடும். கேட்பதுதான் எங்கள் பக்கத்தில் கிடையாது. தனக்கு இன்னது வேண்டும் என்று ஒருவன் வாய்விட்டுச் சொன்னால் அவன் வளர்ப்பில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். பந்தியில் சாதம் வேண்டுமா என்றால் 'போதுமுங்க' என்போம். பரிமாறுகிறவர் அதைக் காதில் வாங்காமல் இன்னொரு கரண்டி போடுவார். இரண்டு தடவை மறுப்பது எங்கள் கடமை, மூன்றாவது தடவை வற்புறுத்துவது அவர் கடமை. இப்படித்தான் கோயமுத்தூரில் எல்லோரும் வயிறு நிரம்பச் சாப்பிடுகிறோம்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, 'சம்பளம் என்னங்க எதிர்பாக்கறீங்க?' என்று முதலாளி கேட்டார். 'நீங்க பாத்துச் செய்யுங்க' என்றேன். பார்த்தார், செய்தார். அவர் பார்வையில் குற்றமில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் அவர் 'பாத்துக்கலாமுங்க' என்பார், நான் 'ஆகட்டுமுங்க' என்பேன். ஒரு முழு உத்தியோகத்தை இந்த இரண்டு வாக்கியத்தில் நடத்திக்கொண்டு வந்திருந்தோம்.

என் மனைவிக்கு இது புரியாது. அவள் மேட்டுப்பாளையத்துக் காய்கறி மண்டிக்காரர் மகள். விலை சொல்லும் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவள். லீவின் முதல் நாள் காலை, சிங்காநல்லூரில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டு மொட்டை மாடியில் நாற்காலி போட்டு, தாளில் கோடு கிழித்து, முதல் புள்ளியை எங்கே வைப்பது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது துணி காயப்போட வந்தாள்.

"என்னங்க வரையறீங்க?"

"நான் எங்க நிக்கறேன்னு பாக்கறேன்."

"கொடிக்குக் கீழ நிக்கறீங்க. சித்த நவுருங்க, சேலை நனைச்சுப்போடும்."

நகர்ந்தேன். விஷயத்தைச் சொன்னேன். ஈரத் துண்டை உதறினாள். பாதி ஈரம் என் எதிர்காலத்தின் மேல் தெறித்தது.

"எங்கப்பா மண்டில ஒரு முட்டைக்கோசு மூட்டை கூட வெலை சொல்லாம எறங்காது. நீங்க பன்னெண்டு வருசமா வெலையே சொல்லாம எறங்கிக் கெடக்கறீங்க."

"அப்படியெல்லாம் கேக்க முடியாது, அம்மணி. அவரா பாத்துக் குடுக்கோணும்."

"அவரு பாக்கறதுக்கு நீங்க என்ன சினிமாவா? போய்க் கேட்டுப்போட்டு வாங்க. இல்லைன்னா இல்லைம்பாரு. இப்பவும் இல்லைதானே?"

அன்று சாயங்காலம் கீழ் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். எங்களுக்குப் போன் வந்தால் அவர் வீட்டில்தான் வரும். மறுமுனையில் முதலாளியே பேசினார்.

"ஏனுங்க, லீவுல இருக்கறீங்களாமா. தொந்தரவு பண்றனுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"நாளைக்குக் காலைல நம்ம காத்தாடிக்கு எறக்கை ஏத்தறாங்களாமா. நாம்போயி ஒரு எட்டு பாக்கலாம்னு இருக்கறேன். உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா வாங்களே, பேசிட்டே போயிட்டு வரலாம்."

முதலாளிக்கு அப்போது அறுபது தாண்டியிருந்தது. மில்லில் பஞ்சு கூட்டுகிறவர் வரை எல்லோரையும் 'ங்க' போட்டுத்தான் கூப்பிடுவார். ஒருவரை வேலையை விட்டு நிறுத்துவதென்றால் கூட, 'கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடுங்களே' என்றுதான் சொல்வார். நிஜமாகவே ரெஸ்ட் என்று நம்பி, உடம்பு தேறித் திரும்பி வந்தவர்கள் உண்டு. அவர்களைப் போகச் சொல்ல முடியாமல் மறுபடியும் சேர்த்துக்கொண்டார்.

காத்தாடி என்று அவர் சொன்னது காற்றாலையை. கரண்டுத் தட்டுப்பாட்டுக்கும் வருமான வரிக்கும் ஒரே மருந்தாக அந்த வருடங்களில் மில்காரர்கள் எல்லோரும் அதை வாங்கிக்கொண்டிருந்தார்கள். எத்தனை பணம் கொட்டி வாங்கினாலும் எங்கள் பக்கம் அதற்குக் காத்தாடி என்றுதான் பெயர். வாங்கிய வருடமே அதன் முழு விலையையும் தேய்மானம் என்று கணக்கில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. எங்கள் மில்லில் அந்தக் கழித்தலைச் செய்தவன் நான். முந்திய மார்ச்சில் இரண்டு காத்தாடிகளை ஒரே வரியில் பூஜ்யமாக்கியிருந்தேன். இரண்டையும் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. தாளில் வந்தது, தாளில் போனது.

மறுநாள் விடியலில், "கேட்டுப்போட்டுத்தான் ஊட்டுக்கு வரோணும்" என்று வாசல் வரை வந்து சொல்லி அனுப்பினாள் மனைவி.

முதலாளி தானே கார் ஓட்டுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சூலூரைத் தாண்டும்போது தொண்டையைச் செருமினேன். அவர் உடனே கண்ணாடியை ஏற்றி, "பனி ஒத்துக்கலீங்களா?" என்றார். பல்லடம் வரும் முன் கோழிப் பண்ணைகள் வரிசையாக வந்தன. "சார், பொங்கலுக்கு அப்பறம்..." என்று ஆரம்பித்தேன். "பொங்கலுக்கு அப்பறம் முட்டை வெலை எறங்கிருமுங்க" என்று அவர் முடித்தார். முட்டையைப் பற்றி நாங்கள் கொஞ்ச தூரம் பேசினோம். எனக்கு முட்டையில் இவ்வளவு அபிப்பிராயங்கள் இருந்தது எனக்கே தெரியாது.

பல்லடம் தாண்டித் தெற்கே திரும்பியதும் அவரே கேட்டார்.

"ஏனுங்க, ஏதோ சொல்ல வந்தாப்பல இருந்துச்சுங்களே?"

"ஒண்ணுமில்லீங்க."

"கூச்சப்படாதீங்க. நம்முளுக்குள்ள என்னங்க?"

"அட, ஒண்ணுமில்லீங்க."

கடமைப்படி இரண்டு தடவை மறுத்தாயிற்று. மூன்றாவது தடவைக்காகக் காத்திருந்தேன். முதலாளி தலையாட்டிவிட்டு, ஏதோ பாரம் இறங்கியவர் போலச் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டினார். எதிரே சோளக் காடுகளுக்கு நடுவில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது.

முதலில் அது பக்கத்தில் இருப்பதாக நினைத்தேன். கார் போய்க்கொண்டே இருந்தது, அது வரவில்லை. பிறகு வந்தபோது நிற்காமல் வந்தது. காரின் முன் கண்ணாடியில் அதன் பாதிதான் கொண்டது. இறங்கி அண்ணாந்தேன். வெள்ளை இரும்புத் தூண், கீழே நாலு பேர் கைகோத்தாலும் எட்டாத பருமன், மேலே போகப் போகச் சிறுத்து, உச்சியில் ஒரு பெட்டி. அந்தப் பெட்டி ஒரு வேன் அளவு இருக்கும் என்றார்கள். கீழிருந்து பார்க்கத் தீப்பெட்டி. அதற்குப் பின்னால் மேகம் நகர்ந்ததில், தூண் என் மேல் சாய்வது போலிருந்தது. நான் ஓரடி பின்வாங்கினேன். முதலாளியும் பின்வாங்கினார் என்பதில் ஓர் ஆறுதல்.

இறக்கைகள் தரையில் கிடந்தன. சோளத்தட்டு அறுத்த செம்மண் காட்டில், மூன்றையும் நடுவே, வண்டிச் சக்கரத்துக்கு இருப்பது போன்ற ஒரு பெரிய இரும்புக் குடத்தில் பூட்டி வைத்திருந்தார்கள். ஓர் இறக்கையின் நீளத்துக்கு நடந்து பார்த்தேன். டவுன் பஸ் ஒன்றை நிறுத்தி, அதன் பின்னால் ஒரு வேனையும் நிறுத்தலாம். தொட்டேன். பனி ஈரத்தில் குளிர்ந்து வழவழவென்று இருந்தது. ஆனால் நேராக இல்லை. அடியிலிருந்து நுனி வரை மெல்ல முறுகிக்கொண்டே போயிற்று, தூக்கத்தில் பாதி புரண்டு படுத்த உடம்பு மாதிரி. காற்று எந்த இடத்தில் எவ்வளவு சாயும் என்று காற்று வரும் முன்பே யாரோ உட்கார்ந்து யோசித்து வளைத்திருக்கிறார்கள். இதைத்தான் அடுத்த மார்ச்சில் நான் ஒரு வரியில் தீர்த்துக்கட்டப்போகிறேன் என்று நினைத்தபோது, கையை எடுத்துக்கொண்டேன்.

அந்த நிலத்தை விற்ற விவசாயி துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வேலியோரம் நின்றிருந்தார். கவலையாக இருந்தார்.

"இந்தக் காத்தாடி மேகத்தையெல்லாம் வெரட்டிப்போடுதுங்க. அதனாலதானுங்க இந்த வருசம் எங்களுக்கு மழையே இல்லை."

"இதை இன்னும் ஏத்தவே இல்லீங்களே" என்றேன்.

"படுத்துக் கெடக்கறப்பவே இந்த வெரட்டு வெரட்டுதுன்னா, ஏத்துனா என்னாகும்னு நீங்களே பாருங்க."

மார்கழியில் காற்று அடங்கிக் கிடக்கும் என்பதால்தான் அப்போது ஏற்றுகிறார்கள். காற்றுக்காகச் செய்த ஒன்றைத் தூக்கி நிறுத்துவதற்குக் காற்றே இல்லாத நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது. வெயில் ஏறினால் கொஞ்சம் காற்று எழும், அதற்குள் முடிக்க வேண்டும் என்று மஞ்சள் ஹெல்மெட் போட்ட இளைஞரான எஞ்சினியர் பறந்துகொண்டிருந்தார். பெரிய கிரேன் நடுக் குடத்தைப் பிடித்துத் தூக்கும். சின்னக் கிரேன் ஓர் இறக்கையின் நுனியைத் தாங்கிக்கொள்ளும். மற்ற இரண்டு இறக்கைகளின் நுனியிலும் நீளக் கயிறு கட்டி ஆட்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே போகும்போது இறக்கை திரும்பித் தூணில் இடித்துவிட்டால் எல்லாம் போயிற்று. கயிறு பிடிக்கப் பக்கத்து ஊரிலிருந்து வந்த ஆட்களில் இரண்டு பேர் குறைந்தார்கள். மார்கழி என்று கூடப் பார்க்காமல் ஊரில் ஒரு காதுகுத்தாம், கிடாவெட்டோடு.

எஞ்சினியர் கையைப் பிசைந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அவரும் எங்கள் பக்கத்துப் பிள்ளைதான். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்க் கயிற்றைப் பிடித்தார். முதலாளி பிடித்தபின் பேண்ட் சட்டையோடு நான் நிற்பது நன்றாக இருக்காது. அவருக்குப் பின்னால் போய்ப் பிடித்தேன்.

எனக்குப் பின்னால் நின்ற ஆள் என் கையைப் பார்த்தார்.

"ஏனுங்ணா, கவுத்தக் கையில சுத்தாதீங்க. காத்தாடி போறப்ப உங்களையுங் கூட்டிட்டுப் போயிரும்."

"போகட்டும் உடப்பா" என்றார் அவருக்கும் பின்னால் நின்றவர். "மேல போல்ட்டு முடுக்கறதுக்கு ஒரு ஆளு வேணும்னாங்க."

விசில் அடித்தது. கிரேன் உறுமியது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, தரையில் படுத்துக் கிடந்த அந்தப் பிரம்மாண்டம் முழுவதும் ஒரு முழம் எழுந்து, அப்படியே மூச்சுப் பிடித்த மாதிரி நின்றது. அடியில் நசுங்கிக் கிடந்த சோளத்தட்டுகள் மெல்ல நிமிர்ந்தன. பிறகு அது எழுந்தது. எழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும், தூக்கினார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. படுத்திருந்தது சாய்ந்து, சாய்ந்தது நிமிர்ந்து, இரண்டு கைகளை மேலே விரித்து ஒன்றைக் கீழே தொங்கவிட்டு, எங்கள் தலைக்கு மேலே செங்குத்தாக நின்றது. சின்னக் கிரேன் விட்டு விலகிக்கொண்டது. இப்போது ஒற்றைக் கம்பிவடமும் எங்கள் கயிறுகளும்தான்.

எடையைக் கிரேன் பார்த்துக்கொண்டது. அதன் மனசை எங்களிடம் விட்டிருந்தார்கள். எந்தப் பக்கம் திரும்ப நினைக்கிறது என்பது கயிறு வழியாக உள்ளங்கைக்கு வந்தது. பாதி உயரத்தில் எங்கிருந்தோ கொஞ்சம் காற்று. என் சட்டைக் காலர் கூட அசையவில்லை, ஆனால் அது உணர்ந்துகொண்டது. இறக்கை தூணை நோக்கி மெல்லத் திரும்பியது. "இழுங்க, இழுங்க" என்று எஞ்சினியரின் குரல் உடைந்தது. எல்லோரும் பின்னால் சாய்ந்தோம். என் செருப்பு செம்மண்ணை உழுதுகொண்டு போனது, முன்னால் முதலாளியின் கால்களும் உழுதன. ஒரு நொடி, அந்த வெள்ளைப் பிராணி என்னைக் கவனித்து, என்னோடு வாதாடி, பிறகு சரி என்று ஒப்புக்கொண்டு திரும்பிக்கொண்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய எதுவும் என் பேச்சைக் கேட்டதில்லை.

உச்சியில் பெட்டிக்கு வெளியே இரண்டு தலைகள் தெரிந்தன, இரண்டு கடுகுகள். குடம் பெட்டியை நெருங்கி, தயங்கி, தொட்டது. இத்தனை பெரிய காரியத்துக்கு ஒரு டப் என்ற சத்தம் கூட வரவில்லை. போல்ட்டுகளை முடுக்கி முடிக்கும் வரை கயிற்றை விடக் கூடாது என்றார்கள். முதலாளி முன்னால், நான் பின்னால், கயிற்றைப் பிடித்தபடி அண்ணாந்து நின்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இதையெல்லாம் பார்த்தபிறகு ஒரு நாற்காலியைக் கேட்பதற்குக் கூச்சப்படுவது வேடிக்கையாக இருந்தது.

"சார்" என்றேன். "சீஃப் அக்கவுண்டன்ட் வேலை எனக்கு வேணுமுங்க."

அவர் திரும்பவில்லை. கயிறு மட்டும் கொஞ்சம் அசைந்தது.

"அடடா. நீங்க இதைச் சொல்லவே இல்லீங்களே."

"இல்லீங்க."

"பொறுப்புக் கூடிப்போகும், நேரத்துல ஊட்டுக்குப் போக முடியாது, உங்களுக்குப் புடிக்காதோன்னு நெனைச்சேனுங்க. நானாக் குடுத்தா நீங்க வேண்டாம்னு சொல்ல மாட்டீங்க, உள்ளுக்குள்ளயே கஷ்டப்படுவீங்க. உங்களை எதுக்குங்க தொந்தரவு பண்ணோணும்? அதான் மெட்ராஸ்ல இருந்து ஒருத்தரை வரச் சொல்லிப்போட்டேன். சி.ஏ. முடிச்சவருங்க. போன வாரந்தானுங்க வாக்குக் குடுத்தேன்."

"போன வாரமுங்களா."

"இருந்தாலும் மனசு கேக்கலீங்க. கார்ல கூட அதுக்குத்தான் ரெண்டு தடவை கேட்டேன். ஒண்ணுமில்லீங்கன்னீங்க. சரி, இவருக்கு அந்த ஆசை இல்லைன்னு நிம்மதியா வண்டியை ஓட்டுனேன்."

பன்னிரண்டு வருடமாக அவர் பார்ப்பார் என்று நான் காத்திருந்தேன். நான் சொல்வேன் என்று அவர் காத்திருந்தார். ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்துவிடக் கூடாதே என்று இரண்டு பேரும் சேர்ந்து கட்டி எழுப்பிய அந்த மரியாதை, உயரத்தில் அந்தத் தூணுக்குக் குறைந்ததல்ல. அதையும் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. அதைவிட வியப்பாக இருந்தது.

கேட்டது போய்விட்டது. ஆனால் ஒரு தடவை திறந்த வாய் மூட மறுத்தது.

"அப்பக் காத்தாடிகளை எங்கிட்டக் குடுங்க."

இந்தத் தடவை முதலாளி திரும்பிப் பார்த்தார். "எஞ்சினியர் இருக்கறாருங்களே."

"மிசினை அவரு பாக்கட்டுமுங்க. நெலம், ஈபி ஆபீசு, இங்க ஓடற கரண்டு மில்லுக்கு வந்து சேருதா இல்லையாங்கறது, ஆளுங்க, இதுக்கெல்லாம்னு ஆபீஸ்ல ஒருத்தர் இல்லீங்க. ஆளுக்குக் கொஞ்சம் பாக்கறோம், ஒருத்தரும் முழுசாப் பாக்கறதில்லை. இன்னும் வாங்கப் போறீங்க. எல்லாத்தையும் நான் பாத்துக்கறேனுங்க."

இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது எனக்குத் தெரியாது. மொட்டை மாடியில் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது இதில் ஒரு வார்த்தை வரவில்லை.

"இங்க ஆபீஸ் கெடையாதுங்க. ஃபேன் கெடையாது. ஒரு டீ குடிக்கோணும்னா மூணு மைலு போகோணும்."

"சரீங்க."

"ஆடி மாசம் வந்து பாருங்க, மண்ணு வாரிக் கண்ணுல போடும்."

"சரீங்க. சம்பளத்தை மட்டும் முன்னாலயே பேசிரலாமுங்க."

எங்களுக்குப் பின்னால் நின்றவர் கனைத்தார். முதலாளி என்னை, அன்றைக்குத்தான் வேலை கேட்டு வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். கோபமில்லை. உச்சியில் அந்தப் பெட்டியையும் இரண்டு கடுகுகளையும் அண்ணாந்து பார்த்த அதே பார்வையில் இப்போது என்னையும் சேர்த்துக்கொண்டார் என்று தோன்றியது.

"லீவு இன்னும் மிச்சம் இருக்குதுங்களே. நல்லா யோசிச்சுச் சொல்லுங்களே."

"யோசிச்சாச்சுங்க."

"அப்பச் சரி" என்றார். "ரெண்டாந் தேதி பேசி முடிச்சுக்கலாமுங்க."

மேலிருந்து கை அசைத்தார்கள். கயிற்றை விடச் சொன்னார்கள். ஆட்கள் துண்டை உதறிக்கொண்டு காதுகுத்துக் கறிச்சோறு மிச்சம் இருக்குமா என்று பேசிக்கொண்டு போனார்கள். முதலாளி வேட்டியை இறக்கிவிட்டு, "வாங்க, போலாமுங்க" என்றார்.

"நீங்க முன்னால போங்க. நான் இன்னுங் கொஞ்ச நேரம் பாத்துட்டுப் பஸ்ல வாரேனுங்க."

அவர் வற்புறுத்தவில்லை. கார் புழுதிக்குள் மறைந்தது.

கொஞ்ச நேரம் என்றது பொழுது சாயும் வரை ஆயிற்று. இறக்கைகள் அசையவில்லை. காற்று வர இன்னும் மாதங்கள் ஆகும். ஆனால் வெயில் இறங்க இறங்க அவற்றின் நிழல் தூணின் அடியிலிருந்து புறப்பட்டு, சோளக் காட்டைக் கடந்து, வேலியைக் கடந்து, அடுத்த காட்டுக்குள் நீண்டு போனது. அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் அந்த நிழல் வந்ததும் ஒரு கணம் நின்று, தலையைக் குனிந்து பார்த்து, ஒவ்வொன்றாகத் தாண்டிக் குதித்தன. கடைசி ஆடும் போனபின் சுற்றுமுற்றும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, நானும் ஒரு தடவை தாண்டினேன்.